பழைய வாத்தியத்துக்கு என்ன விலை, எந்தக் காப்பீடு?

பழைய வீணை ஒன்றை மூன்று பேரிடம் காட்டினால் மூன்று விலை வரும். வாசிக்கிறவர் நாதத்தைக் கேட்டுவிட்டு ஒரு தொகை சொல்வார். கடைக்காரர் அதில் பாதி சொல்வார். வாங்கி, மேளம் கட்டி (மெழுகில் மெட்டுகளைப் பதித்து), மறுபடி விற்றாக வேண்டியவர் அவர். வீட்டுக்காரர் சொல்லும் விலையில் பாட்டியும் கொலுவும் சேர்ந்திருக்கும். மூன்றுமே பொய்யில்லை. ஆனால் காப்பீட்டு நிறுவனத்துக்கு இவற்றில் எதுவும் தானாகத் தெரியாது. பாலிசியில் முன்கூட்டி எழுதாத வாத்தியம், கிளைம் கேட்கும் நாளில் ஐம்பது வருஷப் பழைய மரச்சாமானாகிவிடும். கட்டிலுக்கும் பீரோவுக்கும் பார்க்கிற கண்ணோடுதான் சர்வேயர் அதையும் பார்ப்பார். அந்த நாள் வருமுன் விலையைக் காகிதத்தில் ஏற்றிவைக்கும் வழியை இந்த அத்தியாயம் சொல்கிறது.

பூந்தமல்லியைத் தாண்டி நசரத்பேட்டை, செம்பரம்பாக்கம், திருமழிசை என்று பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி அடுக்குமாடிகள் எழுந்த பிறகு, நகரத்துக்குள்ளிருந்து குடிவந்த வீடுகளோடு பழைய வீணைகளும் தம்புராக்களும் இந்தப் பக்கம் வந்துசேர்ந்திருக்கின்றன. வந்த இடத்தில் செம்பரம்பாக்கம் ஏரி இருக்கிறது. 24 அடி ஆழம், 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவு. 2015 டிசம்பர் 1 அன்று அதிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்ட கதை சென்னையில் எல்லாருக்கும் தெரியும். ஏரி நிறையும் ஒவ்வொரு மழைக்காலத்திலும் சிறுகளத்தூர், காவனூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம், வழுதலம்பேடு, திருநீர்மலை என்று எச்சரிக்கை அறிவிப்பில் அதே பெயர்கள் வரும். இந்தப் பட்டியலில் உங்கள் ஊர் இல்லாவிட்டாலும், தரைத்தளத்தில் இருக்கிறவருக்கு ஏரி தேவையில்லை, ஒரு ராத்திரி மழை போதும். பலா மரத்தில் செய்து வஜ்ஜிரம் போட்டு ஒட்டிய பொருளுக்குள் தண்ணீர் புகுந்தால், ஒட்டிய இடமெல்லாம் விட்டுவிடும்.

வயது எதற்குக் கூடுதல், எதற்குக் குறைவு

செகண்ட்ஹேண்ட் சந்தையில் எல்லா வாத்தியத்துக்கும் வயது ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. முதல் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

வயலினுக்கு உலகச் சந்தை இருக்கிறது. 1737இல் இறந்துபோன ஸ்ட்ராடிவாரி செய்த 'லேடி பிளண்ட்' வயலின் 2011இல் ஜப்பான் நிலநடுக்க நிவாரணத்துக்காக ஏலத்துக்கு வந்து 1 கோடியே 59 லட்சம் டாலருக்குப் போனது. இந்தச் செய்தியைப் படித்த கையோடு பரணிலிருந்து தாத்தாவின் வயலினை இறக்கி, உள்ளே டார்ச் அடித்துப் பார்த்து, அதே ஸ்ட்ராடிவாரி பெயர் லேபிளில் இருப்பதைக் கண்டு தூக்கம் தொலைத்தவர்கள் உண்டு. நிம்மதியாகத் தூங்கலாம். ஜெர்மனியின் மார்க்நாய்கிர்ஷன் வட்டாரத்தில் ஆயிரக்கணக்கில் செய்து அனுப்பிய வயலின்களில் அந்த லேபிளை மாதிரியின் பெயராக ஒட்டினார்கள். செய்தவர் பெயர் என்று அதற்கு அர்த்தமில்லை. லேபிளில் நாட்டின் பெயர் ஆங்கிலத்தில் இருந்தால் இன்னும் சுலபம்: இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்ற அமெரிக்கச் சட்டம் நடைமுறைக்கு வந்த 1891க்குப் பிந்தையது என்று பெரும்பாலும் முடிவு கட்டலாம். அதற்காக அது மோசமான வயலின் என்றில்லை. நல்ல ஜெர்மன் பழைய வயலினுக்கு இன்றும் கர்நாடக வித்வான்களிடம் மதிப்பு உண்டு. பழைய பியானோவில் 'மிஸ்க்வித்' என்ற பெயர்த் தகடு இருந்தால் அதையும் இப்படித்தான் படிக்க வேண்டும். அது 1842இல் மதராஸில் தொடங்கிய கடை, இன்றைய மியூசி மியூசிகலின் மூலம். விற்றவர் பெயர், செய்தவர் பெயரல்ல.

நாகஸ்வரத்தில் வயது மரத்தில் இருக்கிறது. நரசிங்கம்பேட்டையில் (2022இல் புவிசார் குறியீடு பெற்ற ஊர்) பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் ஆச்சா மரத்தைத்தான் தேடிப்போய் வாங்குகிறார்கள். புத்தம்புது நாகஸ்வரமே பழைய மரத்தில்தான் பிறக்கிறது என்றால், பிளவில்லாத பழைய நாகஸ்வரத்தைத் தேய்மானக் கணக்கில் தள்ளுவது அபத்தம். மிருதங்கத்தில் நேர்மாறு. வலந்தலையும் தொப்பியும் தேய்ந்து மாற்றப்படுகிறவை. பழைய மிருதங்கம் வாங்கும்போது கட்டைக்குத்தான் விலை, தோல் நேற்று மூட்டியதாக இருந்தாலும். ஹார்மோனியத்தில் உள்ளே இருக்கும் ரீட்தான் விலை: ஜெர்மன் ரீட் என்று சொல்லி பாலிதானா ரீட் விற்பது பழைய வியாபாரம், திறந்து பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

வீணை இந்த இரண்டு பக்கத்திலும் சேராதது. நன்றாக வாசிக்கப்பட்ட பழைய வீணையின் நாதம் தனி என்பார்கள் வைணிகர்கள். ஆனால் சந்தை அதை ஒத்துக்கொள்வதில்லை. வீணைக்கு ஏலக்கடை இல்லை, விற்பனைப் பதிவேடு இல்லை. தஞ்சாவூர் வீணைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது, இந்தியாவில் அந்தப் பெருமை பெற்ற முதல் வாத்தியம் அது. பழைய வீணைகளுக்கு அதனால் ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. செய்தவர் பெயரை உள்ளே எழுதிவைக்கும் வழக்கமும் அரிது. வயலினின் ஸ்ப்ரூஸ் பலகையில் மர வளையங்களை எண்ணி வயது கண்டுபிடிக்கிறார்கள். பலா அப்படித் தெளிவான வளையம் காட்டுவதில்லை. ஆக, வீணைக்கு விலை வைக்க எனக்குத் தெரிந்து உருப்படியான வழி ஒன்றே: இதே தரத்தில் இன்று தஞ்சாவூரில் செய்யச் சொன்னால் என்ன ஆகும் என்று கேட்டு, அதிலிருந்து இறங்கி வருவது.

வீணையைத் தட்டிப் பார்க்கும் முறை

முதல் கேள்வி, ஏகாந்தமா ஒட்டா. குடம், தண்டி, யாளிப் பக்கம் மூன்றும் ஒரே மரத்தில் குடைந்தது ஏகாந்த வீணை. தனித்தனியாகச் செய்து சேர்த்தது ஒட்டு வீணை. விலையில் பெரிய வித்தியாசம் இங்கேதான். குடமும் தண்டியும் சேரும் இடத்தில் ஓர் அலங்காரப் பட்டை இருக்கும். அதன் கீழே கூடுகிற கோடு தெரிகிறதா என்று பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். மரத்தின் ரேகை குடத்திலிருந்து தண்டிக்குத் தொடர்ந்து ஓடினால் ஏகாந்தம். மேலே பாலிஷ் கனமாக அப்பியிருந்தால், எதையோ மறைக்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்து தண்டியின் நேர். யாளி முகப் பக்கத்திலிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு தந்தியின் வழியே குடத்தைப் பார்த்தால் வளைவு தெரிந்துவிடும். தண்டி வளைந்த வீணையில் மேல் ஸ்தாயி மெட்டுகளில் தந்தி உயரமாக நிற்கும், அழுத்த விரல் நோகும், கமகம் வராது. இது சரிசெய்ய முடியாதது என்றே வைத்துக்கொண்டு விலை பேசுங்கள். குடத்தின் வெடிப்பு அவ்வளவு மோசமில்லை. மேலோடு நின்றுவிட்ட வெடிப்பா, உள்வரை போனதா என்பதே முக்கியம். விரல் கணுவால் சுற்றிலும் தட்டுங்கள். ஓரிடத்தில் மட்டும் ஒலி செத்து வந்தால் அங்கே ஒட்டு விட்டிருக்கிறது அல்லது உளுத்திருக்கிறது. வீணை நின்ற இடத்தில் மாவுபோல மரத்தூள் கிடந்தால் வண்டு இன்னும் உள்ளே வேலையில் இருக்கிறது. அதை வீட்டுக்குள் கொண்டுவருவது மற்ற மரச்சாமானுக்கும் சேர்த்து ஆபத்து.

வாங்குகிறவர் பயப்படத் தேவையில்லாதவை வேறு. மெழுகு வெடித்திருக்கிறது, 24 மெட்டில் சில ஆடுகின்றன, பிரடை நழுவுகிறது, குதிரையின் தகடு தேய்ந்து தந்தி இரைகிறது, லங்கர் கம்பி துருப்பிடித்திருக்கிறது: எல்லாம் ஓர் ஆசாரியின் கைக்கு அடங்கிய வேலை. மேளம் கட்டும் கூலியைக் கேட்டு, அதை விலையிலிருந்து கழித்துக்கொள்ளுங்கள். விற்கிறவர் "மெழுகு மட்டும்தான் சார், வேற ஒண்ணுமில்ல" என்பார். பெரும்பாலும் உண்மை. தண்டி விஷயத்தில் மட்டும் அவர் பேச்சை நம்பாமல் நீங்களே பாருங்கள்.

தந்தம் என்ற சிக்கல்

பழைய வீணைகளில் குடத்தின் ஓரத்திலும் பிரடைத் தலைகளிலும் வெள்ளை வேலைப்பாடு இருக்கும். பிளாஸ்டிக் என்றால் பிரச்சினையில்லை. தந்தம் என்றால் இந்த அத்தியாயத்தின் கணக்கெல்லாம் தலைகீழ். 1834இல் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் வயலின் வித்வான் வடிவேலுவுக்குத் தந்தத்தால் ஆன வயலினைப் பரிசளித்த காலம் வேறு. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1986, 1991ஆம் ஆண்டுத் திருத்தங்களும் உள்நாட்டில் தந்த வியாபாரத்தையே நிறுத்திவிட்டன. உரிமைச் சான்றிதழ் உள்ள பரம்பரைப் பொருளைக் குடும்பத்துக்குள் வைத்திருக்கலாம், விற்க முடியாது. விற்க முடியாத பொருளுக்குச் சந்தை விலை ஏது? எனவே எந்தச் சர்வேயரும் அந்தத் தந்தத்துக்கு ஒரு ரூபாய் போட மாட்டார். வாங்குகிறவருக்கோ அது சட்டச் சிக்கல். குறுக்குவெட்டில் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் வலைபோன்ற கோடுகள் தெரிந்தால் தந்தம். பிளாஸ்டிக்கில் அது வராது. சந்தேகம் இருந்தால் வாங்காதீர்கள். மான் கொம்பு வேலைப்பாட்டுக்கும் இதே எச்சரிக்கை.

அமெரிக்காவில் இருக்கும் மகளுக்குப் பாட்டி வீணையை அனுப்பும் எண்ணமிருந்தால் இன்னொன்றும் உண்டு. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பொருளைத் தொல்பொருளாகக் கருதி ஏற்றுமதிக்குத் தடை விதிக்கிறது 1972ஆம் ஆண்டின் மற்றொரு சட்டம். உங்கள் வீணைக்கு அறுபது வயதுதான் என்றாலும், பார்க்கப் பழசாக இருந்தால் சுங்கத்தில் நிறுத்துவார்கள். 'தொல்பொருள் அல்ல' என்ற சான்றிதழைத் தொல்லியல் துறையிடம் முன்னாலேயே வாங்கிவிடுவது நல்லது.

பாலிசிக்குள் வாத்தியம் எங்கே

2021 ஏப்ரல் முதல், வீட்டுக்குத் தீ காப்பீடு தரும் நிறுவனங்கள் எல்லாம் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற ஒரே வாசகமுள்ள பாலிசியை விற்கின்றன. வெள்ளம், புயல், தீ, மின்னல், தண்ணீர்த் தொட்டி உடைவது எல்லாம் அதில் அடக்கம். கட்டடத்துக்கு எடுத்தால், வீட்டுச் சாமானுக்கும் கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை தானாகச் சேரும். வாடகைக்கு இருக்கிறவர் சாமானுக்கு மட்டும் தனியாக எடுக்கலாம்.

கேட்க நன்றாக இருக்கிறது. வீணையை வைத்துப் படித்தால் ஓட்டைகள் தெரியும். சாதாரணச் சாமான் என்ற பட்டியலில் மேசை நாற்காலி, மின்சாதனம், துணிமணி என்று வருகிறது. மதிப்புமிக்க சாமான் பட்டியலில் நகை, வெள்ளி, ஓவியம், கலைப்பொருள், பழம்பொருள் வருகின்றன. வாத்தியம் இரண்டிலும் பெயர் சொல்லப்படவில்லை. எந்தப் பட்டியல் என்பதைக் கிளைம் நாளில் முடிவு செய்ய விட்டீர்களானால் உங்களுக்கு எதிராகத்தான் முடியும். ஆகவே மதிப்புமிக்க சாமானுக்கான 'ஒப்புக்கொண்ட மதிப்பு' என்ற கூடுதல் காப்பைக் கேட்டு, அதில் வாத்தியத்தின் பெயர், அடையாளம், தொகை மூன்றையும் அட்டவணையில் எழுதச் சொல்லுங்கள். அதன்பின் வாத்தியம் முழுக்க அழிந்தால் அந்தத் தொகை அப்படியே வரும், தேய்மானம் பேச முடியாது. மொத்தம் 5 லட்சத்துக்குள்ளும் ஒரு பொருள் 1 லட்சத்துக்குள்ளும் இருந்தால் மதிப்பீட்டுச் சான்றிதழ்கூடக் கட்டாயமில்லை. பெரும்பாலான வீட்டு வீணைகள் இந்த வரம்புக்குள் அடங்கிவிடும். இருந்தாலும் சான்றிதழ் வாங்கிவையுங்கள் என்பேன். கட்டாயமில்லை என்பதற்கும் கேள்வி வராது என்பதற்கும் தூரம் அதிகம்.

இரண்டாவது ஓட்டை திருட்டு. வெள்ளமோ தீயோ வந்து, அதன் விளைவாக ஏழு நாளுக்குள் நடக்கும் திருட்டுக்கு மட்டுமே இந்தப் பாலிசி பொறுப்பு. சாதாரண ஒரு செவ்வாய்க்கிழமை பூட்டை உடைத்து எடுத்துப்போனால் பைசா வராது. அதற்குக் கொள்ளைக் காப்பைத் தனியாகச் சேர்க்க வேண்டும். மூன்றாவது, வீட்டைவிட்டு வெளியே போன பொருளுக்கு இதில் பாதுகாப்பில்லை. கச்சேரிக்கோ பஜனைக்கோ பக்கத்துக் கோயில் நவராத்திரிக்கோ எடுத்துப் போகிறவர் 'ஆல் ரிஸ்க்' வகைப் பாலிசியைக் கேட்க வேண்டும்; வாத்தியத்துக்கு அதைத் தர எல்லா நிறுவனமும் முன்வராது, விடாமல் கேளுங்கள். ரயிலில் லக்கேஜாகப் பதிவு செய்து அனுப்பும் எண்ணம் வேண்டவே வேண்டாம். மதிப்பை அறிவித்து அதற்கான சதவீதக் கட்டணம் கட்டாவிட்டால் ரயில்வேயின் பொறுப்பு கிலோவுக்கு 100 ரூபாய்தான். பத்துக் கிலோ வீணைக்கு ஆயிரம் ரூபாய்.

எந்தப் பாலிசியும் தராதவற்றையும் சொல்லிவிடுகிறேன். தேய்வு, வண்டு, ஈரத்தில் மெல்ல மெல்லப் புடைத்தது, சித்திரை வெயிலில் காருக்குள் பூட்டிவைத்து மெழுகு உருகியது: இவை விபத்தில் சேராது. மேல்நாடுகளில் வாத்தியத்துக்கென்றே இருக்கும் பாலிசிகள், ரிப்பேர் செய்தபின் குறைந்துபோன மதிப்பையும் ஈடுகட்டுகின்றன. நம் வீட்டுப் பாலிசியில் ரிப்பேர்க் கூலியோடு நின்றுவிடும். நாதம் போனதற்கு ஈடு கிடையாது.

தொகையைக் குறைத்து எழுதிப் பிரீமியம் மிச்சம் பிடிக்க நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. 1 லட்சம் பெறும் வாத்தியத்தை 50,000க்கு எழுதுகிறீர்கள், 40,000க்குச் சேதம். விகிதாசார விதி உள்ள பாலிசியில் பாதிதான் காப்பு என்பதால் 20,000தான் வரும். பாரத் கிருஹ ரக்ஷாவில் அந்த விதியைத் தளர்த்தியிருக்கிறார்கள்; மற்றவற்றில் அது இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். வீட்டில் பத்துப் பிள்ளைகளுக்கு வீணை வகுப்பு நடத்துகிறவர்கள் அதை விண்ணப்பத்திலேயே சொல்லிவிட வேண்டும். மறைத்தது பிறகு தெரிந்தால், சேதத்துக்கும் வகுப்புக்கும் சம்பந்தமே இல்லாவிட்டாலும் இழுப்பார்கள். ஏரி 22 அடியைத் தொட்டபின் ஏஜென்ட்டைத் தேடுவதும் பயன்படாது. ஆடி மாதத்திலேயே முடித்துவிடுங்கள்.

காகிதம்

பழைய வாத்தியத்துக்குப் பில் இருக்காது. பில் இல்லாததால் உரிமை இல்லை என்றாகாது, ஆனால் வேறு சாட்சி வேண்டும். அம்மா மடியில் அந்த வீணையோடு உட்கார்ந்திருக்கும் பழைய புகைப்படம் நல்ல சாட்சி. யாளியின் உடைந்த காது அதில் தெரிந்தால் மிக நல்ல சாட்சி. செகண்ட்ஹேண்டில் வாங்கியவர் விற்றவரிடம் தேதி, தொகை, கையெழுத்தோடு ஒரு சீட்டு வாங்கி, பணத்தை ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியே அனுப்புங்கள்.

மதிப்பீட்டுச் சான்றிதழை யாரிடம் வாங்குவது என்பதை முதலில் நிறுவனத்திடமே கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள். வாத்தியம் செய்கிறவர் அல்லது ஜிஎஸ்டி எண் உள்ள வாத்தியக் கடை, தம் லெட்டர்ஹெட்டில் எழுதித் தந்தால் பெரும்பாலும் ஏற்பார்கள். 'நல்ல பழைய வீணை, மதிப்பு ஒரு லட்சம்' என்ற ஒரு வரி உதவாது. ஏகாந்தமா ஒட்டா, மொத்த நீளம், குடத்தின் குறுக்களவு, மரம், வேலைப்பாடு, முன்பு ரிப்பேர் செய்த இடங்கள், இதே தரத்தில் புதிதாகச் செய்ய இன்றைய செலவு, இந்த வாத்தியத்தின் இன்றைய மதிப்பு என்று இரண்டு தொகையும் தனித்தனியே இருக்க வேண்டும். சான்றிதழ் தருகிறவரே அதை வாங்கவும் விரும்புகிறவராக இருந்தால் வேறொருவரிடம் போங்கள். படங்களை எடுத்து, காகிதங்களோடு வீட்டுக்கு வெளியே ஒரு பிரதி வையுங்கள். வீணையோடு ஆவணமும் நனைந்துபோன வீடுகள் 2015 வெள்ளத்தில் ஏராளம்.

நனைந்த பிறகு

நிறுவனத்துக்கு உடனே தகவல் சொல்லிவிட்டு, தண்ணீர்க் கோடு தெரியும்படி படம் எடுங்கள். பிறகு தந்திகளை மெல்லத் தளர்த்துங்கள். ஒட்டு இளகிய தண்டியின் மேல் ஏழு தந்தியின் இழுப்பு இருந்தால் அதுவே வளைத்துவிடும். சேற்றை ஈரத்துணியால் துடைத்து, நிழலில், காற்றோட்டத்தில், தரையில் படாமல் வையுங்கள். வெயிலில் வைக்கும் ஆசை எல்லாருக்கும் வரும். பலா ஒரே நாளில் வெடிக்கும், பிறகு 'நீங்களே கெடுத்தீர்கள்' என்று சர்வேயர் எழுத இடமாகும். அவர் பார்த்துப் போகும்வரை ஆசாரியிடம் கொடுக்காதீர்கள்; விழுந்த மெட்டு, உடைந்த பிரடை எதையும் குப்பையில் போடாதீர்கள். ஆசாரியின் எழுத்துமூல மதிப்பீடு ஒன்றைத் தயாராக வைத்திருங்கள், ஏனென்றால் வந்தவருக்கு மேளம் கட்டுவது என்றால் என்னவென்றே தெரியாமலிருக்கலாம். திருட்டு என்றால் செம்பரம்பாக்கத்துக்கு நசரத்பேட்டை காவல் நிலையம். சிஎஸ்ஆர் ரசீதோடு அனுப்பிவைத்தால் போதாது, எஃப்ஐஆர் கேளுங்கள். பொருள் கிடைக்கவில்லை என்ற சான்றையும் நிறுவனம் பின்னால் கேட்கும்.

மறுத்தாலோ குறைத்தாலோ, முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலும், வந்த பதில் சரியில்லாவிட்டாலும் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஒரு வருஷத்துக்குள் போகலாம். 50 லட்சம் ரூபாய் வரை விசாரிக்கிறார், கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம்.

முழுச்சேதம் என்று முடிவாகிப் பணம் வரும் கட்டத்தில் ஒன்று மட்டும் கவனம். முழுத் தொகை தந்தபின் மிச்சமிருக்கும் பொருள் நிறுவனத்துக்குச் சொந்தம். இதைச் சால்வேஜ் என்பார்கள். குடம் பிளந்த வீணையானாலும் வீட்டிலேயே இருக்கட்டும் என்று நினைத்தால், செட்டில்மென்ட் படிவத்தில் கையெழுத்துப் போடுமுன் கேட்டு, சால்வேஜ் மதிப்பைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைத் தரச் சொல்லுங்கள். உடைந்த வீணைக்கு அவர்கள் போடும் தொகை சொற்பம்தான். கையெழுத்துப் போட்ட பிறகு கேட்டால் அதற்கும் வழியில்லை.